இருபத்தெட்டாம் பாடம்

கையை இடிச்சிட்டேனா சார்? மன்னிச்சுக்கங்க. ஓடுற பஸ்ஸுல எழுதுறது எனக்குப் பழக்கம்தான். இன்னைக்கு என்னமோ பேனா நிக்க மாட்டேங்குது. ரோட்டைக் குத்தம் சொல்லக் கூடாது, ரோடு நல்லாத்தான் போட்டிருக்கான்.

கணக்கு எழுதல சார், கடுதாசியும் இல்ல. இது லெசன் பிளான். பத்து நிமிஷத்துக்கு ஒரு பாடம். ஏர்போர்ட் வாசல்ல ஒரு அம்மாவுக்கு நடத்தணும். பதினொரு மணிக்கு உள்ள போயிடுவாங்க, அதுக்குள்ள முடிக்கணும். நீங்களும் ஏர்போர்ட்தானே? டிக்கெட் வாங்கறப்பக் காதுல விழுந்துச்சு. மக வர்றாங்களா? நல்லது. இங்கிலீஷ் பேப்பர் வச்சிருக்கீங்க. படிச்சவங்கன்னு பாத்ததுமே தெரிஞ்சுச்சு.

என் பேரு அம்புரோஸ். புதுக்கோட்டையில ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் வச்சிருக்கேன். துணிக்கடை மாடியில, ஒரே ரூம்தான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு முப்பது நாள்ல பேசக் கத்துக்கொடுக்கிறேன். வெல்டரு, பிட்டரு, வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்க. பாதிப் பேரு எட்டாவது தாண்டாதவங்க. நீங்க சிரிக்கிறீங்க, முப்பது நாள்ல என்ன வரும்னு. வரும் சார். பிளான் இருந்தா வரும். மத்தவன் எல்லாம் முதல் நாளே கரும்பலகை நிறைய இலக்கணத்தை எழுதிப்போட்டு மிரட்டுவான். மூணாம் நாள் பாதிப் பேரு வரமாட்டான். என்கிட்ட அந்தக் கதையே கிடையாது.

இங்க பாருங்க, மூணு கட்டம். இடது பக்கம் வாத்தியார் பேசுறது. நடுவுல நிமிஷம். வலது பக்கம் படிக்கிறவங்க பேசவேண்டியது. நான் 'வாட் இஸ் யுவர் ஜாப்'னு கேட்டா அவங்க என்ன சொல்லணும், அதை நான் முதல்நாளே வலது பக்கம் எழுதிடுவேன். அதைத்தான் சொல்லணும். சொல்ற வரைக்கும் விடமாட்டேன். ஒரு வாக்கியத்தைக் கண்ணால பாத்தா ஒரு பிரயோசனமும் இல்ல சார். நாற்பது தடவை வாயால சொல்லணும். அப்பத்தான் பயத்துலயும் தானா வரும். என் பசங்களுக்குத் தானா வரும். அதுல குறை சொல்ல முடியாது.

அந்த வலது பக்கம் எழுதும்போதுதான் சார் இப்ப ரெண்டு வருஷமா ஒரு தொந்தரவு. நான் இங்க பேனாவை வைக்கிறேன், 'எஸ் சார்'னு எழுதறேன், எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடியே காதுல கேக்குது. முதல்ல ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். அப்புறம் 'எஸ் சார், அண்டர்ஸ்டுட் சார்'. மெதுவா, பணிவா. காது டாக்டர்கிட்டக் காட்டினேன். காது அருமையா இருக்குன்னுட்டாரு. அருமையாத்தான் இருக்கு, அதனாலதானே கேக்குது.

இப்பக்கூடக் கேக்குதான்னு பாக்கறீங்க. கேக்குது சார்.

அவன் பேரு அடைக்கலம். கீரனூர்ப் பக்கம். வெல்டரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வகுப்புல மூணாவது பெஞ்சுல ஓரமா உக்காருவான். பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பான், தண்ணியில முங்கப் போற ஆளு மாதிரி. கூட ஒருத்தன் சூசைன்னு படிச்சான், அவன் கிண்டல் பண்ணுவான், 'சார், இவன் வீட்டுல எருமைக்கும் எஸ் சார் சொல்றான்'னு. அடைக்கலம் சிரிச்சுக்குவான். சிரிக்கவும் நான்தான் பழக்கினேன். அதுவும் பிளான்ல இருக்கு, எட்டாம் பாடம். கேள்வி கேட்டவரு முகத்தைப் பாரு, சிரி, சொல்லு. மூணையும் சேத்துச் செய்யணும். அவன்தான் அந்த பேட்ச்லேயே நல்லாச் செஞ்சான்.

இப்ப ஒண்ணு சொல்றேன், கவனமாக் கேளுங்க. இதுல என் தப்பு என்னன்னு நீங்களே சொல்லுங்க.

நான் சென்டர் ஆரம்பிச்ச புதுசுல மூணாம் பாடம் என்ன தெரியுமா? 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்.' எனக்குப் புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க. ஊரைவிட்டுப் போறவனுக்கு முதல்ல வேண்டியது அதுதானேன்னு நினைச்சு வச்சேன். நல்ல எண்ணம்தான். என்ன ஆச்சு? பயலுக அதைப் பிடிச்சுக்கிட்டானுக. என்ன கேட்டாலும் அதையே சொன்னானுக. பேரு என்னன்னு கேட்டாக்கூட 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்'. சொல்லிட்டா தப்பிச்சுக்கலாம்ல. அந்த பேட்ச்ல பதினோரு பேரு இன்டர்வியூவுக்குப் போனானுக. திருச்சியில ஒரு ஹோட்டல்ல வச்சு, வெளிநாட்டுக்காரரு ஒருத்தரு வந்து கேக்குறாரு. ஒன்பது பேரு வரிசையா அதையே சொல்லியிருக்கானுக. அவரு பைலை மூடி வச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டாராம். ஏஜென்ட் எனக்குப் போன் பண்ணித் திட்டினான் பாருங்க, இன்னைக்கும் நினைச்சா உடம்பு கூசும்.

அன்னைக்கு உக்காந்து பிளானை மாத்தினேன். அந்தப் பாடத்தை மூணுல இருந்து எடுத்து இருபத்தெட்டுல வச்சேன். எடுத்துப் போட்டுடல சார், அதைக் கவனிங்க. இடம் மாத்தினேன், அவ்வளவுதான். 'எஸ் சார், அண்டர்ஸ்டுட் சார்' நாலாம் பாடத்துக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் பத்துப் பேரு போனா ஒன்பது பேரு பாஸ். ஏஜென்ட்டுங்க என் வீடு தேடி வர ஆரம்பிச்சானுக.

இன்டர்வியூ எப்பவும் இருபத்தஞ்சாம் நாளு. பாஸானவன் மறுநாள் வரமாட்டான். மெடிக்கல், விசா, பெட்டி வாங்கறதுன்னு அலைவான். பெயிலானவனும் வரமாட்டான், வெக்கம். அதனால எட்டு வருஷத்துல இருபத்தெட்டாம் பாடத்தை நான் ஒரு தடவைகூட நடத்தினது இல்ல. வந்தா நடத்தியிருப்பேன். பிளான் தயாரா இருக்கு. பென்சில்ல எழுதி, மேல மையில எழுதி, அழகா வச்சிருக்கேன். யாரு வந்து கேட்டாலும் காட்டலாம்.

இல்லியா சார்?

அடைக்கலம் பாஸாயிட்டான். ஒரு ஸ்வீட் பாக்கெட்டோட வந்து கால்ல விழுந்தான். போனான். கப்பல் கட்டுற இடத்துல வேலை. எந்த நாடுன்னு வேண்டாம், எல்லா நாட்டுலயும் கப்பல் கட்டுறான். ஏழு மாசம். எட்டாவது மாசம் பெட்டியில வந்தான்.

நான் சாவு வீட்டுக்குப் போகல. அன்னைக்குப் புது பேட்ச் ஆரம்பிக்கிற நாளு. மாலை கொடுத்துவிட்டேன்.

ஆறு மாசம் கழிச்சுச் சூசை லீவுல வந்தான். அதே கப்பல் யார்டுலதான் அவனும். நேரா சென்டருக்கு வந்து, மூணாவது பெஞ்சுல உக்காந்துக்கிட்டுச் சொன்னான். எண்ணெய் டேங்க் ஒண்ணு, அதுக்குள்ள இறங்கி வெல்டிங் வைக்கிற வேலை. தினம் இறங்குறதுதான். அன்னைக்குக் காலையில சூப்பர்வைசர் வந்து அடைக்கலத்துக்கிட்ட என்னமோ வேகமாச் சொல்லியிருக்காரு. உள்ள விஷவாயு இருக்கு, சோதனை முடியல, நான் திரும்பி வந்து சொல்ற வரைக்கும் இறங்காதே. இதைத்தான் சொன்னாருன்னு சூசைக்கே அப்புறம் விசாரணையிலதான் தெரிஞ்சுச்சாம். சொல்லிட்டு அவரு கேட்டிருக்காரு, 'அண்டர்ஸ்டாண்ட்?' இவன் அவரு முகத்தைப் பாத்து, சிரிச்சு, 'எஸ் சார், அண்டர்ஸ்டுட் சார்'. அவரு அந்தப் பக்கம் போனாரு. இவன் வழக்கமாச் செய்யற வேலையைச் செய்ய இறங்கிட்டான்.

'நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னான் சார், ஒரு எழுத்து மாறல'ன்னான் சூசை. குத்திக்காட்டிச் சொல்லல. அவனுக்கு அப்படி எல்லாம் தெரியாது. பெருமையாத்தான் சொன்னான். அன்னையில இருந்துதான் இந்தச் சத்தம்.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்க, பேப்பர் பறக்குது. கீரனூர் தாண்டிட்டமா? தாண்டிட்டோம். இந்த ஊரு வர்றப்ப நான் அந்தப் பக்கம் பாக்கறது இல்ல.

சரி, இன்னைக்கு நான் பாக்கப் போற அம்மா யாருன்னு கேக்கலையே. அடைக்கலத்தோட சம்சாரம். சுகந்தின்னு பேரு. மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில மாடி ஏறி வந்து நின்னாங்க. ஃபாரத்துல பேரு எழுதறதுக்கு முன்னாடி, 'நான் அடைக்கலம் வீட்டுல சார்'ன்னாங்க. வெளிநாட்டுல ஒரு வீட்டுல படுத்த படுக்கையா இருக்கிற வயசான அம்மாவைப் பாத்துக்கிற வேலையாம். பொண்ணு ஏழாவது படிக்குது, அதைத் தங்கச்சி வீட்டுல விட்டுட்டுப் போறாங்க. வேற சென்டர் இருக்கும்மான்னு சொல்லிப் பாத்தேன். 'அவரு உங்களைப் பத்தி அவ்வளவு சொல்லியிருக்காரு சார், வேற எங்க போறது'ன்னுட்டாங்க.

எல்லாரும் புது நோட்டு வாங்குவாங்க. அந்த அம்மா அவன் நோட்டைக் கொண்டுவந்திருந்தாங்க. 'அதே பாடம்தானே சார், இதைப் பாத்தே படிச்சுக்கறேன்.' நான் எப்பவும் முதல் நாளே முப்பது பாடத்தோட தலைப்பையும் முதல் பக்கத்துல எழுதச் சொல்லுவேன். என்னென்ன வரப்போகுதுன்னு தெரிஞ்சா பயம் போகும்ல. அடைக்கலம் முப்பதையும் குண்டு குண்டா எழுதியிருந்தான். இருபத்திநாலு பாடம் நோட்டுல இருக்கு. மிச்சம் வெள்ளைப் பக்கம்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போன பிறகு அந்த நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. விரலை வச்சுக் காட்டி, 'சார், இருபத்தெட்டுல 'புரியாதபோது என்ன சொல்வது'ன்னு போட்டிருக்கே, அது மட்டும் எனக்கு முன்னாடியே சொல்லித்தர முடியுமா? எனக்கு எதுவுமே சட்டுனு புரியாது'ன்னாங்க.

வரிசையா வரும்மா, வரிசையை மாத்தக் கூடாதுன்னேன். அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லுவேன்.

போகாம நின்னுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் பையில இருந்து ஒரு கடுதாசியை எடுத்தாங்க. கம்பெனி அனுப்பினது. யாரோ அவங்களுக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்லியிருக்காங்க. எச்சரிக்கையை மீறி இறங்கினாரு, எச்சரிக்கை புரிஞ்சதுன்னு தன் வாயாலேயே ஒத்துக்கிட்டாருன்னு அதுல எழுதியிருக்கு. 'புரிஞ்சும் இறங்கியிருக்காரு சார்'ன்னாங்க. 'யாரு பேச்சையும் மீறாத மனுசன். அன்னைக்குன்னு பாத்து ஏன் மீறினாரு? கீழே போனா செத்துருவோம்னு தெரிஞ்சே இறங்கியிருக்காரே. என்னையும் புள்ளையையும் ஒரு நிமிஷம் நினைக்கலையே. முதல்நாள் போன்ல நான் கொஞ்சம் சத்தம் போட்டேன் சார், வீட்டுக்கூரை ஓடு மாத்தறதைப் பத்தி. அதனாலயா இருக்குமோ?'

ரெண்டு வருஷமா அந்த அம்மா அதை நினைச்சுக்கிட்டுத்தான் சார் சோறு திங்கறாங்க.

நான் என்ன சொல்லியிருக்கணும்? ஒரே வார்த்தை. அவனுக்குப் புரியலம்மா. அவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்துச்சு. அடுத்த கேள்வி என்ன வரும்? புரியலன்னா ஏன் சார் புரிஞ்சுதுன்னு சொன்னாரு? அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? அடுத்த பேட்சுக்கு நேரமாச்சும்மான்னு சொல்லிட்டேன். ஆறு மணிக்கு பேட்ச் இருக்கத்தான் செஞ்சுச்சு, நான் ஒண்ணும் பொய் சொல்லல.

ஆனா சார், நான் சும்மா இருக்கல. இருபத்திநாலாம் நாள், இன்டர்வியூவுக்கு முதல்நாள், பிளான்ல இல்லாத ஒண்ணைச் செஞ்சேன். எட்டு வருஷத்துல முதல் தடவை. அந்தச் சூப்பர்வைசர் சொன்னதைச் சூசைக்கிட்டக் கேட்டு எழுதி வச்சிருந்தேன். அதை அப்படியே இங்கிலீஷ்ல, அவரு வேகத்துல, வகுப்பு முழுக்கப் பாத்துச் சொன்னேன். உள்ள விஷவாயு இருக்கு, இறங்காதே. சொல்லிட்டு, 'அண்டர்ஸ்டாண்ட்?'னு கேட்டேன். யாராவது ஒருத்தர் முழிச்சா, அதை வச்சு அந்தப் பாடத்தை எடுத்துடலாம்னு எண்ணம்.

இருபத்திரண்டு பேரு. அத்தனை பேரும் என் முகத்தைப் பாத்தாங்க. சிரிச்சாங்க. 'எஸ் சார், அண்டர்ஸ்டுட் சார்.' ஒரே குரல்ல சொன்னாங்க. அந்த அம்மா முதல் பெஞ்சு. அவங்க குரல்தான் பெருசாக் கேட்டுச்சு.

நான் தமிழ்ல கேட்டேன், நான் என்ன சொன்னேன்னு யாராவது சொல்லுங்க பாப்போம். எல்லாரும் நோட்டைப் புரட்டித் தேட ஆரம்பிச்சாங்க. அப்ப ஏன் புரிஞ்சுதுன்னு சொன்னீங்கன்னேன். எனக்குக் கோபம் வந்துடுச்சு சார், சத்தம் போட்டுட்டேன். யாரு மேல கோபம்னு கேக்காதீங்க. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அந்த அம்மா மட்டும் நிமிந்து பாத்தாங்க. 'புரியலன்னு சொன்னா எங்களை அனுப்புவாங்களா சார்?'

அனுப்ப மாட்டாங்க. அது எனக்கும் தெரியும், ஏஜென்ட்டுக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கு. கடிகாரத்தைப் பாத்தேன். இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. நாலாம் பாடத்தை இன்னொரு தடவை ரிவிஷன் பண்ணி அனுப்பிட்டேன்.

மறுநாள் இருபத்திரண்டு பேரும் பாஸ். ஏஜென்ட் சால்வை போடறேன்னு வந்தான். வேண்டாம்னுட்டேன்.

நேத்துச் சாயங்காலம் அந்த அம்மா போன் பண்ணாங்க. நாளைக்கு ஃபிளைட்டு சார், பதினொரு மணி வரைக்கும் வாசல்ல நிப்பேன், முடிஞ்சா வந்து ஆசீர்வாதம் பண்ணுங்கன்னாங்க. வர்றேம்மான்னேன். முழு மனசோடதான் சொன்னேன். நேத்து ராவுல இருந்து இந்தப் பிளானைத்தான் எழுதிக்கிட்டிருக்கேன். பாருங்க, மூணாவது நிமிஷத்துல இருந்து பத்து வரைக்கும் சுத்தமா இருக்கு. 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ் சே இட் அகெய்ன்.' முதல்ல நான் சொல்றது, அப்புறம் சேந்து சொல்றது, அப்புறம் அவங்க தனியா. வேகமா எதையாவது சொல்லி, அவங்களை அதைச் சொல்ல வைக்கிறது. நாற்பதுக்கு நேரம் இல்ல, இருபது தடவை சொல்ல வச்சிடலாம்.

முதல் ரெண்டு நிமிஷம்தான் சார் நிக்குது. எந்தப் பாடத்துக்கும் ஆரம்பம்னு ஒண்ணு வேணும்ல, இது ஏன் உங்களுக்கு வேணும்னு சொல்லணும்ல. அதுல என்ன சொல்றதுன்னு இடது பக்கம் எழுத வரல. விடிய விடிய எழுதி அடிச்சிருக்கேன், பாருங்க, பேப்பரே கிழிஞ்சிருச்சு. வலது பக்கம் அதைவிட மோசம். அந்த அம்மா பதிலுக்கு என்ன சொல்லுவாங்க? எனக்குத் தெரியல. எட்டு வருஷத்துல வலது பக்கத்துல என்ன வரும்னு தெரியாம நான் ஒரு வகுப்புக்கும் போனது இல்ல சார்.

பயமா இருக்கு. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, பயமாத்தான் இருக்கு.

இது என்ன, மாத்தூரா? வந்திடுச்சா? அடுத்தது ஏர்போர்ட்தான், இல்லியா.

சார், ஒரு உதவி. நீங்க அங்கதானே இறங்கறீங்க. மக வர இன்னும் நேரம் இருக்கும். இந்தத் தாளை மடிச்சுக் கொடுக்கறேன். மூணாவது நிமிஷத்துல இருந்து எல்லாம் எழுதியிருக்கு, நீங்க அதைப் பாத்துச் சொன்னாப் போதும், உங்க இங்கிலீஷ் என்னுதைவிட நல்லா இருக்கும். கத்தரிப்பூக் கலர் சேலை. கூட ரெட்டைச் சடை போட்ட பொண்ணு நிக்கும். புறப்படுற வாசல்ல இருப்பாங்க, உங்க மக வெளிய வர்ற வாசல்ல இல்ல. முதல் ரெண்டு நிமிஷத்தை விட்டுடுங்க. அதுல எழுதி அடிச்சதை எல்லாம் படிக்க வேண்டாம். சூசை, டேங்கு, அது எதையும் நீங்க எடுக்காதீங்க. பாடத்தை மட்டும் நடத்துங்க. அம்புரோஸ் சாருக்கு வயித்து வலி, வர முடியலன்னு சொல்லுங்க.

கண்டக்டர், மாத்தூர் இறங்கணும். ஆமா, டிக்கெட் ஏர்போர்ட்டுக்குத்தான் எடுத்தேன், இங்கேயே இறங்கிக்கறேன். கொஞ்சம் காலை ஒதுக்குங்க சார், நான் போறேன்.

ஒண்ணே ஒண்ணு. பாடம் முடிஞ்சதும் புரிஞ்சுதாம்மான்னு மட்டும் அவங்ககிட்டக் கேக்காதீங்க. உங்க முகத்தைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே ஆமாம்பாங்க. நம்பிடுவீங்க.